டிகாக்சினை அளந்து கொடுங்கள்

"வாரத்தில் ஐந்து நாள் போடுங்கள், சனி, ஞாயிறு வேண்டாம்." இதயம் பலவீனமாகி, துடிப்பும் தாறுமாறாகிப்போன நோயாளிகளுக்கு டிகாக்சின் எழுதும்போது நம் மருத்துவர்கள் பலர் வழிவழியாகச் சொல்லிவரும் அறிவுரை இது. மருந்து உடலில் தேங்கி நஞ்சாகிவிடக் கூடாதே என்ற அக்கறையில் பிறந்த பழக்கம்தான். ஆனால், இந்த வார விடுமுறை ரத்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

சிறுநீரகம் நன்றாக இயங்குபவரின் உடலில் டிகாக்சின் பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். சிறுநீரகம் அறவே செயலிழந்தவருக்கோ நான்கைந்து நாள்கூட ஆகலாம். முன்னவருக்குத் திங்கட்கிழமைக்குள் மருந்து பெருமளவு குறைந்துவிடுகிறது. பின்னவருக்கு அந்த இடைவெளி போதவே போதாது. குடலுக்கும் இதில் பங்கு உண்டு. ஏறத்தாழ பத்தில் ஒருவரின் குடலில் எக்கர்தெல்லா லென்டா என்ற பாக்டீரியா இந்த மருந்தில் பெரும்பகுதியைச் செயலற்றதாக மாற்றிவிடுகிறது. அவருக்குச் சளிக்காக எரித்ரோமைசின் கொடுத்தால் பாக்டீரியா அடங்கும். நேற்றுவரை பொருந்திய அளவு மிகையாகிவிடும். கிளாரித்ரோமைசினோ, டிகாக்சின் உடலைவிட்டு வெளியேறுவதையே தடுக்கிறது.

1785-இல் வில்லியம் விதரிங், டிகாக்சின் வகை மருந்துகளின் மூலமான டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி எழுதிய காலம் முதல், குமட்டலையும் நாடியையும் பார்த்தே மருத்துவர்கள் அளவைக் கணித்தார்கள். ரத்தத்தில் டிகாக்சினை அளந்து நஞ்சேறியவரைப் பிரித்தறியும் வழியை அமெரிக்காவின் தாமஸ் ஸ்மித் குழுவினர் 1969-இல் வெளியிட்டனர். அந்த வசதியை நாம் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதே நம் வருத்தம்.

காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பத்து மணிக்கு லேபில் கை நீட்டுகிறார் நோயாளி. மருந்து ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் இறங்கி முடிய ஆறு மணி நேரமாவது வேண்டும். அதற்குள் எடுத்த ரத்தம் இல்லாத நஞ்சைக் காட்டும். தேவையான மருந்து நிறுத்தப்படும். அறிக்கையில் அச்சாகும் எல்லையும் பழையது. மில்லிலிட்டருக்கு 2.0 நானோகிராம் வரை சரி என்ற காலம் போய்விட்டது. சுமார் 6,800 பேரிடம் நடந்து 1997-இல் வெளியான ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, 1.2-ஐ எட்டிய அல்லது தாண்டிய ஆண்களிடையே இறப்பு, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இதயச் செயலிழப்புக்கு இன்று ஏற்கப்படுவது 0.5 முதல் 0.9 வரைதான்.

செலவு அதிகம் என்பார்கள். எல்லோருக்கும் மாதந்தோறும் பார்க்கச் சொல்லவில்லை. சிறுநீரகச் செயல்பாடு மாறும்போதும், புது மருந்து சேரும்போதும், பசியில்லை, குமட்டுகிறது என்று முதியவர் சொல்லும்போதும் பார்த்தே ஆக வேண்டும். அதை முதுமையின் தளர்ச்சி என்று தள்ளிவிடுவது கொடுமை.

அரசு மருத்துவமனைகளின் பரிசோதனைச் சீட்டில் கடைசி மாத்திரை போட்ட நேரம், ரத்தம் எடுத்த நேரம் இரண்டுக்கும் கட்டம் வேண்டும். கிரியேட்டினினும் பொட்டாசியமும் அதே சீட்டில் வர வேண்டும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்தவருக்கு டிகாக்சின் அளவு சரியாக இருந்தாலும் துடிப்பு தடம்புரளலாம். நஞ்சேறிய ஐயம் இருந்தால் உடனே பார்க்கட்டும். மற்றபடி ஆறு மணி நேரம் ஆகாத ரத்தத்தை லேப் ஏற்கக் கூடாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் அனைத்திலும் இப்பரிசோதனை இலவசமாகக் கிடைக்க மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும்.