பேயுமல்ல, பித்துமல்ல!

 

லயத்தில் ஒரு பிள்ளை நாலு நாள் சோறு வேண்டாமென்று சுருண்டு கிடந்தால் நாம் என்ன செய்கிறோம்? வேப்பிலை அடிக்கிறோம். திமிர் என்கிறோம். "நாங்கள் படாத பாடா?" என்று அதட்டுகிறோம். அந்தப் பிள்ளையின் நெஞ்சில் என்ன கிடக்கிறது என்று கேட்டோமா?

1948-ல் இலங்கை அரசு மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்டுமந்தையைப்போல் பங்கிட்டனர். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரே, குமுளிக்குத் தெற்கே கவியில், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள்.

அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். தமிழ்நாட்டில் 'சிலோன்காரன்' என்றார்கள். இங்கே 'பாண்டி' என்கிறார்கள். மூன்று இடத்தில் மூன்று பெயர். ஓரிடத்திலும் 'நம்மவன்' என்ற பெயர் இல்லை!

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. சாதிச் சான்றிதழ் கேட்டால், 1950-க்கு முன்பே கேரளத்தில் குடியிருந்த ஆதாரம் எங்கே என்கிறார்கள். கப்பலேறி வந்தவரின் பேரன் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவான்? லயமோ வேலை உள்ளவரைதான். 2012-ல் 'ஆர்டினரி' படம் வந்தபின் கவியைப் பார்க்க வண்டி வண்டியாக வருகிறார்கள். மலையைப் பார்த்துப் போகிறார்கள். லயத்தைப் பார்ப்பவர் யார்?

2011 டிசம்பரை மறக்க முடியுமா? முல்லைப் பெரியாறு தகராறில் குமுளி எல்லை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களிலிருந்து நம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினார்கள். அன்று இடுப்பிலிருந்த பிள்ளை இன்று வாலிப வயதில் நிற்கிறது. நாம் அந்த ஓட்டத்தைக் கதையாகச் சொல்கிறோம். அதுவோ பயமாகச் சுமக்கிறது.

மலையாளத் தொழிலாளி நமக்குப் பகைவரல்ல. அவரும் கூலிக்கு உழைப்பவரே. மனிதரைக் கணக்குப் புத்தகத்து எண்ணாக்கிய அரசுகளைத்தான் குற்றம் சாட்டுகிறோம்.

2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கு அரசுச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115-வது பிரிவு. ஆகவே போலீசுக்குப் பயந்து மூடி மறைக்காதீர்கள். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஆனால் தொலைபேசி மட்டும் போதாது. தமிழில் பேசித் தேற்றும் மருத்துவர் தோட்டத்துக்கே வர வேண்டும். பள்ளியில் தமிழாசிரியர் வேண்டும். சான்றிதழ் வேண்டும். குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா வேண்டும்.

அரசிடம் இதைக் கேட்போம். அதற்கு முன், இன்றிரவே, நம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்வோம். அதட்டாமல் கேட்போம்: "என்னடா கண்ணு, மனசுக்கு என்ன?"