அளவின் குறைவும் நோயின் வேரும்

கழுத்தின் முன்புறத்தே அமைந்த தைராய்டுச் சுரப்பி, தேகத்தின் வெப்பத்தையும் வேகத்தையும் ஆள்வது. அதன் சுரப்புக் குறையின் மாத்திரையால் ஈடுசெய்தல் முறையே. ஆயின், குறைவு காணுமிடமெல்லாம் சுரப்பியின் பழுதென்று கொள்ளுதல் தகாது என்பதே எமது கருத்து.

பாக்டீரியாக் கிருமிகள் இரத்தத்திற் பரவித் தேகம் நிலைகுலையுங்கால், டி3 என்னும் ஹார்மோன் தாழ்கின்றது. நோய் முற்றின் டி4-உம் தாழும். சுரப்பியே பழுதாயின் அதனை ஏவும் டி.எஸ்.எச். உயர்ந்திருத்தல் வேண்டும், ஈண்டோ அது பெரும்பாலும் உயர்வதில்லை. டி4 வீரியமுள்ள டி3 ஆக மாறுவது தளர்ந்தமையே முதற்காரணம்.

தாழ்வு மிகுந்தோர்க்கு அபாயமும் மிகுதியாதலின், ஹார்மோனை அளித்தால் உயிர் பிழைக்குமெனச் சிலர் கருதினர். 1986-ல் பிரென்ட், ஹெர்ஷ்மன் என்போர் பல்வகைக் கடுநோயாளருக்குத் தைராக்சின் அளித்துச் சோதித்தனர், மரணம் குறைந்திலது. கண்மாய் வற்றியது மழையின்மையால் என்றிருக்க, மடையைச் செப்பனிடுவதால் ஆவதென்ன?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் பிறந்த புதுக்கோட்டையில், 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. காய்ச்சலோடு மூச்சிரைப்பும் மதிமயக்கமும் கண்டால், ஆய்வுக்கூடந்தோறும் அலைந்து தைராய்டு அளவு தேடாது, உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். இரத்தத்தில் கிருமியைத் தேடி வளர்த்தறிதலும், தாமதமின்றி ஆன்டிபயாடிக் அளித்தலுமே உயிர்காக்கும் வழி. முன்னரே தைராய்டு மாத்திரை உண்போர் அதனை வைத்தியரிடம் உரைக்க, தாமே நிறுத்தற்க. ஏனையோர்க்கு, நோய் தீர்ந்து சில வாரம் கழிந்தபின் மறுசோதனை செய்தலே நேரிது.

எண்ணுக்கு மருந்திடுவது எளிது. நோய்க்கு மருந்திடுவதே வைத்தியம்.