பத்தாவதாக வந்தவர் முதலில் நின்றது ஏன்?

பள்ளியில் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அதில் பத்தாவதாக வந்த பையனை, அடுத்த பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? "சார், இது அநியாயம் சார்!" என்று கத்த மாட்டீர்களா?

திருப்புட்குழியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் கத்தினான். ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பா பட்டுத்தறி நெய்பவர். சாயங்காலம் தறி ஓசை ஓய்ந்ததும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பேப்பர் படிப்பான். விளையாட்டுப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டான் என்பது வேறு விஷயம்! ஒரு நாள் குஷ் மைனி என்ற கார் பந்தய வீரரைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போதுதான் இந்தச் சண்டை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2025ஆம் ஆண்டு மே 24, சனிக்கிழமை. மொனாக்கோ நகரத் தெருக்களில் பார்முலா 2 கார் பந்தயம். அதில் பெங்களூரைச் சேர்ந்த குஷ் மைனி வெற்றி பெற்றார். அப்போது அவருக்கு 24 வயது. பார்முலா 2 பந்தயத்தில் மொனாக்கோவில் வென்ற முதல் இந்தியர் அவர்தான்.

இந்தப் பந்தயக் கார் நம் தெருவில் போகும் கார் போன்றதல்ல. ஒரே ஒரு இருக்கைதான். கூரை கிடையாது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவரின் தலையைக் காப்பாற்ற, மேலே 'ஹாலோ' என்ற உலோக வளையம் இருக்கும். பார்முலா 2இல் எல்லா அணிகளுக்கும் ஒரே வகைக் கார், ஒரே வகை இன்ஜின், ஒரே கம்பெனி டயர். "என் வண்டி மட்டும் மட்டம்" என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

பந்தயம் ஒரு நாளில் முடிந்துவிடாது. மூன்று நாள் நடக்கும். முதல் நாள் பயிற்சி. அதன்பின் தகுதிச் சுற்று. யார் ஒரு சுற்றை மிகக் குறைந்த நேரத்தில் ஓட்டுகிறார் என்று பார்த்து 1, 2, 3 என்று வரிசை போடுவார்கள். சனிக்கிழமை சிறிய பந்தயம். ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம்.

இங்கேதான் அந்த வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் வரிசைப்படியே நிற்பார்கள். ஆனால் சனிக்கிழமை, முதல் பத்துப் பேரை மட்டும் தலைகீழாகத் திருப்பிவிடுவார்கள்! முதலாவது வந்தவர் பத்தாவது இடத்தில் நிற்பார். பத்தாவது வந்தவர் முதலில் நிற்பார். குஷ் மைனி தகுதிச் சுற்றில் பத்தாவது. அதனால் சனிக்கிழமை அவர்தான் முன்னால் நின்றார்.

"பத்தாவது வந்தவரை எதுக்கு சார் முதல்ல நிக்க வைக்கணும்?" என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் முதலில் அவன் பக்கம்தான் இருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே வகைக் கார். மிக வேகமானவர் முன்னால் நின்றால், கடைசிவரை அவரே முன்னால் போய்க்கொண்டிருப்பார். பின்னாலிருந்து முந்தி வரத் தெரியுமா என்பது தெரியாமலே போய்விடும். பின்வரிசைக்காரரால் முன்னால் இருந்து ஓட்ட முடியுமா என்பதும் தெரியாது. இரண்டையும் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு. பரிசிலும் வித்தியாசம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வென்றால் 25 புள்ளி. சனிக்கிழமை வென்றால் 10தான்.

"அப்போ பதினொண்ணாவது வந்தவரு?" என்றான் அடுத்து. பாவம், அவர் பதினொன்றாவது இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்! இதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்காவது ஒரு கோடு போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நிற்கத்தான் செய்வார். பரீட்சையில் 34 மதிப்பெண் வாங்கியவனைப் பார்த்த வாத்தியாருக்கு இது தெரியும்.

ஆனால் மொனாக்கோவில் முதலில் நிற்பது மட்டும் போதுமா? செம்பரம்பாக்கம் ஏரிக்குள் பல மொனாக்கோக்களை அடக்கிவிடலாம். அத்தனை சிறிய நாடு. பந்தயப் பாதையும் ஊரின் குறுகலான தெருக்கள்தான். ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர். இரு பக்கமும் தடுப்புச் சுவர். முந்துவது மிகக் கடினம் என்பது முன்னால் போகிறவருக்கு லாபம். ஆனால் ஒரு திருப்பத்தில் கொஞ்சம் தவறினாலும் கார் சுவரில் மோதிவிடும். பின்னால் வருகிறவர்கள் அந்தத் தவறுக்காகவே காத்திருப்பார்கள். மைனி 30 சுற்றும் தவறு செய்யவில்லை. முதல் இடம் விதியால் கிடைத்தது. அதைக் காப்பாற்றியது அவருடைய கை.

ஆனால் ஒரு வெற்றியை வைத்து எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அந்த ஆண்டு முடிவில் புள்ளிப் பட்டியலில் மைனி முதல் பத்துக்குள் வரவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பையன் கோபப்பட்டது ஒரு கோட்டைப் பார்த்து. அவன் பார்க்காத இன்னொரு கோடு இருக்கிறது. அது பந்தயத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்படுவது.

நம் ஊரை ஒட்டிப் போகும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்கு முனையில் மைனியின் ஊர். கிழக்கே போனால், ஸ்ரீபெரும்புதூரை அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நம் தெருப் பையன் ஏன் அந்தக் காரில் உட்கார முடிவதில்லை?

காரணம் பணம். டயர், மெக்கானிக், பயிற்சி, பயணம் என்று செலவு லட்சங்களில் தொடங்கும். ஐரோப்பாவுக்குப் போனால் கோடிகளில் போய் நிற்கும். பார்முலா 2 வீரர்கள் பெரும்பாலும் ஆதரவாளர்களைத் தேடிப் பணத்தோடுதான் அணிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. மைனியின் குடும்பம் வாகனத் தொழிலில் இருப்பது. அண்ணன் அர்ஜுன் மைனியும் பந்தய வீரர். பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். 2005இல் நுழைந்த கோவை நாராயண் கார்த்திகேயன், 2010இல் நுழைந்த சென்னை கருண் சந்தோக். இருவரின் தந்தைமாரும் பந்தயம் ஓட்டியவர்கள். 2012க்குப் பிறகு அங்கே இந்தியர் எவரும் ஓட்டவில்லை. இவர்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எத்தனை திறமைசாலிகள் பந்தயப் பாதையின் வாசலைக்கூடப் பார்க்காமல் போனார்களோ, அதை எந்தப் பட்டியலில் தேடுவது?

இந்தக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தவர் ஒருவர் நம் மாநிலத்திலேயே இருந்தார். கோவையைச் சேர்ந்த கரிவர்தன். அவரும் வசதியான மில் குடும்பத்துப் பிள்ளைதான், பந்தய வீரரும்தான். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க எல்லோராலும் முடியாது என்று அவருக்குத் தெரியும். அப்போது நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 காரின் இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். பார்முலா மாருதி என்று பெயர். உதிரிபாகமும் இங்கேயே கிடைக்கும், ரிப்பேரும் இங்கேயே செய்யலாம். நாராயண் கார்த்திகேயன் இளம் வயதில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது அந்தக் காரைத்தான்! 1995இல் கரிவர்தன் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு அவர் பெயர்தான்.

செலவு முழுவதும் மறைந்துவிடவில்லை. தறிக்காரர் வீட்டுக்கு அந்தக் காரும் எட்டாததுதான். ஆனால் கோடு நகரக்கூடியது என்பது தெரிந்தது அல்லவா?

ஒன்றை உங்களிடம் மறைக்கக்கூடாது. இந்த விளையாட்டில் ஆபத்து உண்டு. 2023 ஆகஸ்டில் இதே இருங்காட்டுக்கோட்டையில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். ஹெல்மெட், டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக வைத்திருக்கும் பந்தயப் பாதையிலேயே இப்படி என்றால், நெடுஞ்சாலையில் பைக் பந்தயம் விடும் அண்ணன்மாரைப் பற்றி என்ன சொல்ல!

இதையெல்லாம் கேட்டுவிட்டு எங்கள் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தை நேர்ல பார்க்க முடியுமா சார்?" என்றான். பாலுசெட்டி சத்திரத்தில் பஸ் ஏறினால் போய்விடலாம், அப்பாவிடம் கேட்டு வா என்றேன்.

மறுநாள் அவன் அப்பாவே வந்தார். திண்ணையில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "பார்க்கத்தானே சார்?"

"இப்போதைக்குப் பார்க்கத்தான்" என்றேன்.