ஒரே பஸ், தனித்தனி மனு!

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் செல்லும் பஸ் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பேருக்குக் காயம்.

"யாராவது வழக்கு போடுவார்கள், நமக்கும் பங்கு வரும்" என்று சிலர் வீட்டில் இருந்துவிடுகிறார்கள்.

வராது!

காயம் பட்ட ஒவ்வொருவரும் மோட்டார் விபத்து கோர்ட்டில் தனி மனு கொடுக்க வேண்டும். விபத்து நடந்த பகுதியிலும் கொடுக்கலாம். குடியிருக்கும் பகுதியிலும் கொடுக்கலாம். 1988-ம் ஆண்டு சட்டம் இடம் தருகிறது.

இங்கேதான் வம்பு. பாதிப் பேர் விழுப்புரத்தில் மனு கொடுக்கிறார்கள். மீதிப் பேர் திண்டிவனத்தில். ஒரு கோர்ட்டு பஸ் டிரைவர் மீது தப்பு என்கிறது. மற்றொன்று, எதிரே வந்த லாரி மீது என்கிறது! பணம் தர வேண்டியவர்களுக்கு அப்பீல் செய்ய நல்ல சாக்கு.

எல்லோரும் கலந்து பேசி, ஒரே கோர்ட்டுக்குப் போவதே புத்திசாலித்தனம். மனுக்களைச் சேர்த்து விசாரிக்கும்படி கேட்கலாம். யார் தப்பு என்பதற்கு ஒரு தடவை சாட்சி சொன்னால் போதும்.

தொகை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த கணக்குப்படி, 25 வயதுக்காரரின் வருட வருமான இழப்பை 18-ஆல் பெருக்க வேண்டும். 45 வயது என்றால் 14. களை எடுக்கும் பெண்ணின் கூலியும் வருமானம்தான்.

ஆகவே "தலைக்கு இவ்வளவு" என்று மொத்தமாக ராஜி பேசினால், கால் இழந்தவர் கையெழுத்து போடலாமா? கூடவே கூடாது. போபால் விஷவாயு வழக்கில் எல்லோருக்கும் சேர்த்து மத்திய அரசே வழக்காடியது. 1989-ல் 47 கோடி டாலருக்கு ராஜி ஆயிற்று, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே!

ஆஸ்பத்திரி சீட்டு, பஸ் டிக்கெட் எதையும் எறியாதீர்கள். 6 மாதத்துக்குள் மனு கொடுத்துவிடுங்கள்.