மூன்றாந் துளை

சென்ற ஆண்டு, சென்னையிலே பழைய அடுக்குமாடிக் கட்டடமொன்றில் வாழும் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். துணி துவைக்கும் இயந்திரத்தின்மீது தற்செயலாய்க் கை பட்டது. சுருக்கென்று உடல் அதிர்ந்தது. "செருப்பணிந்து தொட்டால் ஒன்றும் செய்யாது" என்று நகைத்தார் உறவினர். அவ்வீட்டில் நாடோறும் ஈரக் கையோடும் வெறுங்காலோடும் வேலை செய்யும் அம்மையாரை நினைந்த எனக்கு நகைப்பு எழவில்லை.

சுவரிலுள்ள பிளக்குத் துளைகள் மூன்றனுள், ஒன்று மின்சாரத்தைக் கொணர்வது. மற்றொன்று திரும்பக் கொண்டு செல்வது. மேலேயுள்ள பெரிய துளையே எர்த் எனப்படும் நிலத்தொடர்பு. இயந்திரத்தினுள் கம்பியின் உறை தேய்ந்து, இரும்புக் கூட்டில் மின்சாரம் ஏறுமாயின், அதனை நிலத்திற் சேர்ப்பது இதன் கடமை. இதற்குரிய முளை நீண்டிருத்தலின், முதலிற் புகுவதும் இறுதியில் வெளிவருவதும் அதுவே.

பியூஸ் நம்மைக் காவாதோ எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். மின்சாரம் செல்லும் வழியின் தடை 1 ஓம் ஆயின், 230 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் உடனே உருகும். எர்த் குழி வறண்டு, கம்பி துருவேறித் தடை 50 ஓம் ஆயினோ, பாய்வது 4.6 ஆம்பியரே. 15 ஆம்பியர் பியூஸ் அதனைப் பொருட்படுத்தாது. கூடு மின்னேறியபடியே நிற்கும்.

இதனினுங் கொடியது போலித் தொடர்பு. சிலர் மூன்றாந் துளையை நியூட்ரல் கம்பியோடு பிணைத்துவிடுகின்றனர். சோதனை விளக்கு அப்போதும் எரியும். ஆனால் நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், பழுதற்ற இயந்திரத்தின் கூட்டிலும் மின்சாரம் ஏறும். வேறு சிலர் தண்ணீர்க் குழாயிற் கட்டுவர். கீழ்வீட்டார் இரும்புக் குழாயை அகற்றிப் பிளாஸ்டிக் குழாய் பதித்த அன்றே அத்தொடர்பு ஒழியும். மேல்வீட்டார் அதனை அறியார்.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவி போதாதோ என்பர் சிலர். அதனை உடனே பொருத்துதல் நன்றே. ஆயினும் எர்த் இல்லா வீட்டில், பெரும்பாலும் ஒருவர் தொட்டு அவர் உடல் வழியே மின்சாரம் கசிந்த பின்னரே அது நிறுத்தும். எர்த் உள்ள வீட்டிலோ, எவருந் தொடாமுன்னரே நிறுத்தும். ஆதலின் இரண்டும் வேண்டும்.

இக்குறை நீடித்தற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. எர்த் குழி கட்டடத்தின் பின்புறம் எல்லார்க்கும் பொதுவாய்க் கிடப்பது. பொதுவானதை எவரும் தமதெனக் கருதுவதில்லை. முகப்புக்கு வண்ணம் பூசப் பணந் திரட்டும் குடியிருப்போர், தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு நிலத்தடையை அளப்பிக்கத் தயங்குவது முறையன்று. அளவு, வண்ணத்திற்கு முந்தியதாதல் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! நாளை வாடகைக்கு வீடு தேடுங்கால், அறையின் அகலத்தை நோக்குமுன், மூன்றாந் துளை மெய்யோ பொய்யோ என வினவுங்கள். செருப்பணிந்த நாம் தப்பலாம். வெறுங்காலோடு நிற்பவர் உயிருக்கும் நாமன்றோ பொறுப்பாளிகள்!