முதியோர் கலத்தில் ஊட்டம் எங்கே?

"மூப்புற்றோர்க்குச் சிறிது கஞ்சி போதும்" என்னும் சொல் நம் வீடுகளில் அன்பின் மொழியாகவே வழங்கி வருகின்றது. அச் சொல்லே நம் மூத்தோரை மெல்ல மெல்ல மெலிவித்து வருகின்றதென எண்ணிப் பார்ப்பார் அரியர்.

நாமக்கல் மாவட்டத்து நாமகிரிப்பேட்டையைப் பார்ப்போம். போதைமலையும் கொல்லிமலையும் அணித்தாக நிற்க, மஞ்சளும் மரவள்ளியும் விளையும் மண் அது. 1940-களில் சேலத்தில் தோன்றிய சவ்வரிசித் தொழில் இப் பகுதியெங்கும் பரவியது. பல்லாயிரவர்க்குச் சோறிடும் அத் தொழிலை நாம் குறைகூறவில்லை. அச் சவ்வரிசிக் கஞ்சியே முதியோர்க்குத் தக்க உணவென்று கருதப்படுவதே நம் கவலை.

சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பொருளேயன்றி வேறன்று. நூறு கிராமில் ஒரு கிராம் புரதமும் இல்லை. காய்ச்சலுற்ற நாளில் அது கைகொடுக்கும்; நாளும் அதுவே உணவாயின் உடல் தளரும். நீரிழிவுடையார்க்கோ குருதியில் சருக்கரையை விரைந்தேற்றும்.

முதுமையில் உழைப்புக் குறைதலின் உணவின் அளவு குறையலாம், ஊட்டம் குறையலாகாது. அகவை ஏற ஏறத் தசை கரைகின்றது; என்பு நொய்ம்மையுறுகின்றது. ஆகலின் உடலெடையில் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமேனும் நாள்தோறும் வேண்டுமென்பர் மருத்துவர். ஐம்பது கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 50 கிராம்! கஞ்சியும் தேநீரும் அதனைத் தருமோ? வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபின் மூப்பின்மேல் பழி போடுகின்றோம்; கலத்தில் நேர்ந்த குறையை மறந்துவிடுகின்றோம்.

இம் மண்ணில் மாற்றுணவு இல்லாமலில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணம் உண்டு. தீட்டிய அரிசியில் பத்தளவே. கொள்ளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். கொல்லிமலைச் சாமையும் தினையும் கேழ்வரகும் நம் முன்னோரை வளர்த்தவை. அக் கொல்லைகளிலும் மரவள்ளி ஏறியதற்குக் கரணியம் பணம் மட்டுமன்று. சிறுதவசங்களைக் குற்றிப் புடைக்கும் கடும்பணி பெண்டிர் தோள்மேலேயே விழுந்தது. அச் சுமையை மீண்டும் அவர்மேல் ஏற்றுதல் முறையன்று. ஊர்தோறும் உமிநீக்கும் சிற்றாலை அமைத்தலே வழி.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படியே தமிழகத்தில் பத்தில் ஒருவர் அறுபது அகவை கடந்தவர். 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம், மறு ஆண்டே முதியோர் உதவித்தொகை பெறுவார்க்கும் விரிந்தது. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டப் பங்கீட்டுக் கடைகளில் அரிசியின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். முதியோருள்ள குடும்பங்கட்கெல்லாம் கேழ்வரகும் கூடுதற் பருப்பும் உரிமையாதல் வேண்டும்.

அரசை நோக்கிக் கைந்நீட்டுமுன் நம் அடுக்களையை நோக்குவோம். மூத்தோர் பலர், சிறப்பாகப் பெண்டிர், எல்லார்க்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்பவர். பல் இழந்தோர்க்குக் களியும் குழைய வெந்த பருப்பும் ஆக்கித் தருக. முருங்கைக் கீரை, மோர், இயன்றார்க்கு முட்டை, மீன் ஆகியவை கலத்தில் சேர்க. நீர்வேட்கை முதுமையில் மங்குமாதலின், கேளாமலே நீர் தருக. சிறுநீரக நோயுடையார் மட்டும் மருத்துவரைக் கேட்டு உணவளவு கொள்க.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் அளவறிந்து உண்ணச் சொன்னார். பட்டினி கிடக்கச் சொன்னாரல்லர். அளவு என்பது குறைவன்று, உடற்கு ஏற்பது.

தமிழைத் தாயென்று போற்றும் நாம், நம்மைப் பெற்ற தாய் இன்று என்ன உண்டாள் என்று அறிவோமா? இன்றிரவே அவர்தம் கலத்தைப் பார்ப்போம். அதில் மாவுநீர் மட்டுமே இருப்பின், நம் இனநலப் பணி அங்கிருந்தே தொடங்குக!