ஜெயித்த மேட்ச்சை கடைசியில் கோட்டைவிட்ட மெட்ஸ்... தப்பு டியாஸ் மேல மட்டும்தானா?

2019 செப்டம்பர் 3. வாஷிங்டனில் நியூயார்க் மெட்ஸ் - வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் மேட்ச். 9-வது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. மெட்ஸ் 10, நேஷனல்ஸ் 4. மெட்ஸுக்குத் தேவை இன்னும் மூணே மூணு அவுட்.

அந்த சீசனில் ஒரு அணி முழு மேட்ச்சிலும் சராசரியாக எடுத்ததே 5 ரன்னுக்குள்தான். அப்படிப் பார்த்தால் 6 ரன் முன்னிலை என்பது டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம் என்கிற அளவு பாதுகாப்பு. தூங்கப் போன மெட்ஸ் ரசிகர்கள் பாக்கியசாலிகள்.

பால் சீவால்டு வந்தார், ரன் போனது. லூயிஸ் அவிலான் வந்தார், அவுட் விழவில்லை. கடைசியாக எட்வின் டியாஸ் வந்தார். ரயன் ஸிம்மர்மேன் அடித்த அடியில் 2 ரன். அடுத்து வந்த கர்ட் சுசுகி 3 ரன் ஹோம் ரன் அடித்தார். மொத்தம் 7 ரன். நேஷனல்ஸ் 11-10 என ஜெயித்தது.

"இந்த ஆளை ஏன்யா இறக்கினாங்க?" என்று நியூயார்க் முழுக்க அன்று ராத்திரி ஒரே புலம்பல். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால், அது போய்ச் சேர்ந்த விலாசம்தான் தப்பு.

கடைசி இன்னிங்ஸ் ஏன் வேற ஆள் கையில்?

பேஸ்பாலில் ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் 3 அவுட் ஆகும்வரை பேட்டிங். பந்து வீசுபவர் பிட்சர். கிரிக்கெட்போல ஓவருக்கு ஓவர் ஆளை மாற்றுவது இங்கே கிடையாது. ஒருவர் வீசிக்கொண்டே இருப்பார். மேனேஜர் அவரை வெளியே எடுத்துவிட்டால் அந்த மேட்ச்சில் அவர் திரும்ப வர முடியாது.

முதலில் இறங்குபவர் ஸ்டார்ட்டர். ஆனால், 100 பந்தைத் தொட்டதும் கை சோர்ந்துவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எதிரணி பேட்டர் ஒரே பிட்சரை மூன்றாவது தடவை சந்திக்கும்போது, அவர் வீச்சு ஓரளவு பழகியிருக்கும். அடி நன்றாக விழும். அதனால் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் 5, 6 இன்னிங்ஸோடு கிளம்பிவிடுவார்.

மிச்சத்தை முடிக்கத்தான் ரிலீவர்கள். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் புல்பென். அதில் கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் ஸ்பெஷலிஸ்ட் குளோசர். நம்மூர் பாஷையில் டெத் ஓவர் பவுலர். ஒரே வித்தியாசம், இங்கே 20-வது ஓவருக்கு மட்டும்தான் அவர் வருவார்.

ரசிகர் கொதிப்பதற்குக் காரணம் இருக்கு

மெட்ஸ் கடைசியாக சாம்பியன் ஆனது 1986-ல். 2018 டிசம்பரில் சியாட்டில் மெரினர்ஸிடமிருந்து டியாஸை வாங்கினார்கள். அந்த ஆண்டு அவர் 57 மேட்ச்சைக் காப்பாற்றிக் கொடுத்தவர். அதற்காக மெட்ஸ் விட்டுக்கொடுத்தது கொஞ்ச நஞ்சமல்ல. 2018 டிராஃப்டில் முதல் ரவுண்டில் எடுத்த இளம் வீரர் ஜேரட் கெலெனிக்கைக் கொடுத்தது. இன்னும் 5 ஆண்டு ஒப்பந்தம் பாக்கியிருந்த சீனியர் வீரர் ராபின்சன் கனோவையும் சேர்த்து வாங்கிக்கொண்டது. போதாதென்று ஜெயுரிஸ் ஃபமிலியா என்ற ரிலீவரோடு 3 ஆண்டுக்கு 3 கோடி டாலர் ஒப்பந்தம்.

விளைவு? பிட்சரின் தரத்தை அளக்க இ.ஆர்.ஏ. என்று ஒரு கணக்கு உண்டு. 9 இன்னிங்ஸுக்கு சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் அது. ஃபீல்டர் பிழையால் போன ரன் இதில் சேராது. 2018-ல் டியாஸின் இ.ஆர்.ஏ. 1.96, 2019-ல் 5.59. முந்தைய ஆண்டு 5 ஹோம் ரன் மட்டுமே கொடுத்தவர், இந்த முறை 15 கொடுத்தார். ஃபமிலியாவின் இ.ஆர்.ஏ. 5.70.

இத்தனைக்கும் அதே அணியில் ஜேக்கப் டிகிராம் அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். பீட் அலோன்சோ 53 ஹோம் ரன் அடித்தார். முதல் சீசனில் வேறு யாரும் அவ்வளவு அடித்ததில்லை. மெட்ஸுக்கு 86 வெற்றி. கடைசி பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்த மில்வாக்கி புரூவர்ஸுக்கு 89. மூணே மூணு மேட்ச்! வாஷிங்டனில் பறிபோன ராத்திரியை எந்த மெட்ஸ் ரசிகரும் மறக்காமல் இருப்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஒரு புள்ளிவிவரம் செய்த வேலை

சரி, டியாஸ் சொதப்பினார். அவரைச் சொதப்பக்கூடிய இடத்தில் மட்டுமே உட்காரவைத்தது யார்?

இங்கேதான் 'சேவ்' என்கிற கணக்கு வருகிறது. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் உருவாக்கிய இது, 1969-ல் மேஜர் லீக்கின் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரம் ஆனது. ரிலீவர்களுக்கும் பாராட்டு கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். பெரும்பாலும் 3 ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் இறங்கி, கடைசி ஒரு இன்னிங்ஸை முடித்துக் கொடுத்தால் ஒரு சேவ்.

காலப்போக்கில் வால் நாயை ஆட்ட ஆரம்பித்தது. சேவ் அதிகம் இருந்தால் சம்பளம் அதிகம். எனவே குளோசர் என்றால் 9-வது இன்னிங்ஸுக்கு மட்டும்தான் என்று ஆனது. 1988-ல் ஓக்லண்ட் மேனேஜர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியை இப்படிப் பயன்படுத்தி வெற்றி கண்டதும் மற்ற அணிகளும் அதே வழியில் போயின.

மேட்ச் எப்போதும் 9-வது இன்னிங்ஸில்தான் கை நழுவும் என்று யார் சொன்னது? 2019 ஜூன் 23 சிகாகோ மேட்ச்சையே எடுத்துக்கொள்ளலாம். 8-வது இன்னிங்ஸ், மெட்ஸ் 3-2 என முன்னிலை. இன்னும் 5 அவுட் தேவை. மேனேஜர் மிக்கி காலவே, டியாஸைக் கூப்பிடவில்லை. ஏற்கெனவே வீசிக்கொண்டிருந்த செத் லூகோவையே தொடரவிட்டார். ஹாவியர் பாயஸ் 3 ரன் ஹோம் ரன் அடித்தார். மெட்ஸ் 5-3 என தோற்றது. 5 அவுட்டுக்காக டியாஸைக் கூப்பிடுவதில்லை என்பதுதான் காலவேயின் வாதம். கேள்வி கேட்ட நிருபரை அவர் திட்டியதும் அபராதம் கட்டியதும் பெரிய செய்தியாயின.

லூகோ மோசமான ஆள் இல்லை. அந்த சீசனில் மெட்ஸின் நம்பகமான ரிலீவரே அவர்தான். டியாஸ் வந்திருந்தாலும் பாயஸ் அடித்திருக்கலாம். ஆனால், பெரும் விலை கொடுத்து வாங்கிய ஆயுதத்தை, கடிகாரம் 9 அடிக்கட்டும் என்று உறையிலேயே வைத்திருந்தது எந்த வகைத் திட்டம்? ரசிகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

36 ரன்னில் ஒரு தலையெழுத்து

இன்னொரு விஷயம். அந்த சீசனில் டிகிராம் வீசியது 204 இன்னிங்ஸ். டியாஸ் வீசியது 58. அவர் கொடுத்த 36 ரன்னை 58 இன்னிங்ஸுக்குள் அடைத்தால்தான் அந்த 5.59 வருகிறது. நாலைந்து கெட்ட ராத்திரிகள் போதும், ஒரு ரிலீவரின் மொத்த ஆண்டும் காலி. ஸ்டார்ட்டர் 2-வது இன்னிங்ஸில் 3 ரன் கொடுத்தால் அது ஸ்கோர்போர்டில் ஒரு எண். குளோசர் அதே 3 ரன்னைக் கொடுத்தால் அது துரோகம்!

அது ஹோம் ரன் வெள்ளம் ஓடிய ஆண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2019-ல் மேஜர் லீக் முழுக்க 6,776 ஹோம் ரன்கள். அதுவரை இல்லாத எண்ணிக்கை. எல்லா அணியின் புல்பென்னும் அடிவாங்கியது.

எதிர் முகாமில் இருந்த பாடம்

இதில் வேடிக்கை என்னவென்றால், மெட்ஸை அன்று கவிழ்த்த நேஷனல்ஸின் புல்பென் மெட்ஸைவிட மோசம். இ.ஆர்.ஏ. 5.6-க்கும் மேல். ஆனால், அந்த ஆண்டு உலக சாம்பியன் அவர்கள்தான்!

எப்படி? அக்டோபரில் நேஷனல்ஸ் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸ் பதவிப் பெயர்களை ஓரமாக வைத்தார். தோற்றால் வெளியே என்ற வைல்டு கார்டு மேட்ச்சில், மேக்ஸ் ஷெர்ஸருக்குப் பிறகு இன்னொரு ஸ்டார்ட்டரான ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை இறக்கினார். அவர் 3 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. வேர்ல்டு சீரிஸின் 7-வது மேட்ச்சிலும் அதே கதை. ஸ்டார்ட்டர் பாட்ரிக் கார்பின் நடுவில் வந்து 3 இன்னிங்ஸைக் காத்துக்கொடுத்தார். கடைசி இன்னிங்ஸுக்கு டேனியல் ஹட்சன். அவரும் ஜூலை இறுதியில்தான் அணிக்கு வந்தவர்.

162 மேட்ச் சீசனில் தினமும் இப்படிச் செய்ய முடியாது, கை போய்விடும். அக்டோபரில் நடுநடுவே ஓய்வு நாள் இருப்பதால்தான் இது சாத்தியம். ஆனால், அடிப்படைக் கேள்வி எந்த மாதத்துக்கும் பொருந்தும்: 'இது எத்தனாவது இன்னிங்ஸ்' என்பது முக்கியமா, 'மேட்ச் இப்போது எங்கே தொங்குகிறது' என்பது முக்கியமா?

அதே ஆள், அதே மைதானம்

2022-ல் அதே டியாஸின் இ.ஆர்.ஏ. 1.31. 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட். அவர் இறங்கும்போது சிட்டி ஃபீல்டு மைதானத்தில் டிரம்பெட் இசை ஒலிக்க, கூட்டமே எழுந்து ஆடியது. 2019-ல் கூச்சல் போட்டு அனுப்பிய அதே கூட்டம்! மெட்ஸ் அவரோடு 5 ஆண்டுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒரு ரிலீவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் பியூர்ட்டோ ரிக்கோ ஜெயித்த கொண்டாட்டத்தில் டியாஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் முழுக்க அவுட். முந்தைய ஆண்டு 101 வெற்றி பெற்ற அணி, அந்த ஆண்டு 75-ல் நின்றது. வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால், கடைசிக் கதவுக்கு ஒரே ஒரு பூட்டு போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்துவிட்டது.

ரசிகர் கோபப்படட்டும். டிக்கெட் காசும் தூக்கமும் அவருடையது. ஆனால், 9-வது இன்னிங்ஸில் மேட்டின் மேல் தனியாக நிற்பவரைப் பார்த்துக் கத்துவது சுலபம். அவர் கண்ணுக்குத் தெரிகிறார். டிசம்பரில் புல்பென்னைப் பாதி காலியாக விட்டு, ஒரே ஆள் மேல் மொத்தப் பாரத்தையும் ஏற்றியவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுத்த முறை முன்னிலை கரையும்போது, 'யார் கொடுத்தார்' என்பதோடு 'யார் அவரை அங்கே நிறுத்தினார், வேறு யார் தயாராக இருந்தார்' என்றும் ரசிகர்கள் கேட்கட்டும். அந்தக் கேள்விக்குத்தான் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும்.